மரத்தில் கட்டிய கேமரா ஆர்ம் மக்கர் பண்ணுகிறதா? மரத்துப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்

வேட்டையைப் படம்பிடிக்கும் மர ஆர்ம் என்று தேடினால் வருவதெல்லாம் அமெரிக்கச் சரக்கு. அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பதினைந்து, இருபது அடி உயரத்தில் மரத்தோடு பரண் கட்டி உட்காருவார்கள். பக்கத்திலேயே ஒரு மடக்குக் கையைப் பெல்ட்டால் இறுக்கி, அதில் கேமராவை மாட்டித் தங்கள் வேட்டையைத் தாங்களே எடுப்பார்கள். நமக்கு அந்தச் சோலி கிடையாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே வேட்டை என்றால் கம்பி எண்ணும் சமாசாரம். பெங்களூரில் நான் எடுக்கும் வேட்டை மீன்கொத்தியுடையது. துப்பாக்கியும் அதனுடைய அலகுதான், தோட்டாவும் அதனுடைய உடம்புதான்.

நான் அல்சூரில் குடியிருக்கிறேன். கல்யாண வீடியோ தொழில், முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் ஏரிக்கரை. ஜக்கூர், ஹெப்பாள், மடிவாளா என்று மாறி மாறிப் போவேன். ஆர்ம் வாங்கிய பழக்கக்காரர்கள் "ஆடுது பாஸ்", "தானா திரும்புது பாஸ்" என்று என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் புது ஹெட் ஒன்று (ஆர்ம் நுனியில் கேமராவைத் தாங்கித் திருப்புகிற பாகம்) வாங்கி முடித்திருப்பார்கள். கோளாறு மரத்துப் பக்கம் இருக்கும், பணம் கேமராப் பக்கம் போயிருக்கும்.

முக்காலி போதாதா என்று கேட்பீர்கள். ஏரிக்கரை நடைபாதையில் ஒரு காலை நேரம் முக்காலியை விரித்துப் பாருங்கள். வாக்கிங் வருகிற பெரியவர் ஒருவர் இடறுவார், தெருநாய் ஒன்று வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் காலையும் தூக்கிவிட்டுப் போகும். கரைச் சரிவிலோ ஒரு கால் சேற்றில், ஒரு கால் கல்லில். அதே இடத்தில் தண்ணீர் ஓரமாக ஒரு மரம் நின்றால், நெஞ்சு உயரத்தில் ஆர்மைக் கட்டி, புதரைத் தாண்டி நீருக்கு மேலேயே கேமராவை நீட்டிவிடலாம். இதற்கு மரம் ஏற வேண்டியதே இல்லை. ஆர்ம் வாங்கும் விஷயத்திலும் இந்த வித்தியாசம்தான் முக்கியம், அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் பார்க்கும் வரிசை ஒன்றுதான்: மரம், பெல்ட், மரத்தோடு ஒட்டி நிற்கிற பேஸ் பிளேட், மூட்டு, குழாய், ஹெட், கடைசியாகத் திருகு. நடுவில் குதிக்காதீர்கள்.

கையை எடுத்தால் ஆர்ம் தானாகத் திரும்புகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். மீன்கொத்தி உட்காரும் கிளைக்கு நேரே வைத்துவிட்டு ஃபோகஸ் வளையத்தைத் தொடுவதற்குள், கேமரா மெல்ல இடப்பக்கம் நழுவிப்போய்ப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். உடனே மூட்டுத் திருகை இறுக்குவோம். இறுக்கினால் பான் செய்யும்போது, அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது, வெட்டி வெட்டி நகரும். தளர்த்தினால் திரும்பவும் நழுவும்.

வீட்டில் சரியாக மாட்டாத கதவு இருந்தால் இது புரியும். நிலை தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாவிட்டால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், இல்லையென்றால் தானாகத் திறந்துகொள்ளும். ஆர்மும் ஒரு கதவுதான், மூட்டின் கம்பிதான் அதன் கீல். அந்தக் கம்பி செங்குத்தாக நிற்காவிட்டால் ஆர்ம் பள்ளத்தைத் தேடி ஓடும். மரங்கள் கொத்தனார் வைத்துக் கட்டியவை அல்லவே, அதிலும் ஏரிக்கரை மரங்கள் வெளிச்சத்தைத் தேடி நீர்ப்பக்கம் சாய்ந்துதான் வளரும்.

கணக்குப் பார்த்தால் சாய்வு எவ்வளவு சின்னது என்று தெரியும். இரண்டு டிகிரி சாய்ந்திருந்தாலே மூன்று கிலோ பாரத்துக்குச் சுமார் நூறு கிராம் பக்கவாட்டு இழுப்பு வந்துவிடும். எண்ணெய் போட்ட மூட்டை நகர்த்த அது போதும். ஆனால் 15 செ.மீ. உயரமுள்ள பேஸ் பிளேட்டில் அந்த இரண்டு டிகிரி என்பது வெறும் அரை செ.மீ. இடைவெளி. பழைய சைக்கிள் டியூபை மடித்து ஒரு ஓரத்தில் சொருகினால் முடிந்தது.

எந்த ஓரத்தில் சொருகுவது? கேமராவை மாட்டிய பிறகு ஆர்மை நாலு பக்கமும் திருப்பி வைத்து, ஒவ்வொரு தடவையும் கையை விட்டுப் பாருங்கள். எங்கிருந்து விட்டாலும் மரத்தை விட்டு நேர் வெளியே வந்து நின்றால், கம்பியின் தலை முன்னால் சாய்ந்திருக்கிறது. பிளேட்டின் கீழ்ப்பக்கம் அண்டை கொடுங்கள். எங்கிருந்து விட்டாலும் மரத்தை நோக்கிப் போய் இடித்தால், மேல்ப்பக்கம் அண்டை கொடுங்கள். எப்போதும் இடப்பக்கமே போனால் பிளேட்டின் தலையை வலப்பக்கம் கொஞ்சம் தட்டிச் சாய்த்து, மறுபடி பெல்ட்டை இறுக்குங்கள். கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று சின்னதாகப் பையில் இருந்தால் வேலை இன்னும் சுருக்கம். கம்பியின் மேல் முன்பக்கமாக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை வைத்துப் பார்க்க வேண்டும்.

இதை வெறும் ஆர்மில் செய்துவிட்டுக் கேமராவை மாட்டாதீர்கள். நான் இரண்டு வாரம் அந்தத் தப்பைத்தான் செய்தேன். பாரம் ஏறியதும் முதல் குழாய் கொஞ்சம் தணியும், அதன் நுனியில் இருக்கிற முழங்கை மூட்டு முன்னால் சாயும். மரத்துப் பக்கம் சரியாக இருந்தும் முழங்கைக்கு அப்புறம் கேமராப் பக்கம் இருக்கிற பாகம் மட்டும் தனியாகத் திரும்பினால் காரணம் இதுதான். மட்டம் பார்ப்பது எப்போதும் முழுப் பாரத்தோடு.

பான் செய்யும்போது படத்தில் நீர்மட்டம் சாய்ந்துகொண்டே போகிறது என்பதும் இதே வியாதியின் இன்னொரு முகம்தான். ஹெட்டை மட்டும் நிமிர்த்தி அதை மறைக்கலாம், அடுத்த தடவை ஆர்மை மடக்கும்போது திரும்ப வந்து நிற்கும்.

சில ஆர்ம்களில் பிளேட்டுக்கும் முதல் மூட்டுக்கும் நடுவே மட்டம் சரிசெய்கிற திருகு இருக்கும். வாங்கும்போது இது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எடை தாங்கும் அளவைவிட இதற்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

காலையில் கட்டினது பத்து மணிக்குக் கீழே இறங்கியிருக்கிறது

இதற்கு நெம்புகோல் கணக்கு. கேமராவும் லென்ஸும் ஹெட்டும் சேர்த்து மூன்று கிலோ, ஆர்ம் 90 செ.மீ. என்று வையுங்கள். பிளேட்டின் கீழ்முனை மரத்தில் ஊன்றிக்கொள்ள, மேல்முனை மரத்தை விட்டு விலகப் பார்க்கும். பிளேட் 15 செ.மீ. உயரம் என்றால் மேல்ப் பெல்ட் மேல் விழுவது 18 கிலோ இழுப்பு, ஆர்மின் சொந்தப் பாரம் தனி. பிளேட் 30 செ.மீ. உயரமாக இருந்தால் அது 9 கிலோ. ஆர்மைப் பாதியாக மடக்கி 45 செ.மீ.க்குக் கொண்டுவந்தாலும் 9 கிலோதான். இரண்டையும் செய்தால் நாலரை.

குட்டை ஆர்ம், உயரமான பிளேட் என்பதுதான் இதற்கு அர்த்தம். விளம்பரப் படங்களில் ஆர்மின் நீளத்தைப் பெரிதாகப் போடுவார்கள், பிளேட்டின் உயரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது பெல்ட் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஒற்றைப் பெல்ட் பிளேட்டின் நடுவில் ஓடினால் மேல்முனை வாய் பிளந்துகொண்டு நிற்கும். பெல்ட் மேல்முனைக்குக் கிட்டத்தில் ஓட வேண்டும். கீழே இன்னொரு பெல்ட் போட்டால் பக்கவாட்டு நெளிவும் நிற்கும். லாரிக்காரர்கள் சரக்குக் கட்டுகிற ராட்செட் பெல்ட் இருக்கிறதே, அதில் ஓர் அங்குல அகலம் போதும். நைலான் பெல்ட்டாக இருந்தால் பாலியெஸ்டருக்கு மாற்றிவிடுங்கள். நைலான் இழுத்தால் நீளும், தண்ணீர் குடித்தால் இன்னும் நீளும். பாலியெஸ்டர் இரண்டிலும் அதைவிட நல்ல பிள்ளை. மே மாத மாலையில் திடீரென்று ஒரு மழை கொட்டுமே, அது ஓய்ந்த பிறகு நைலான் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், புரியும்.

பிளேட்டின் முதுகையும் ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். தட்டையான பிளேட் உருண்டையான மரத்தை ஒரே கோட்டில்தான் தொடும், எவ்வளவு இறுக்கினாலும் தொட்டில் மாதிரி இடமும் வலமும் ஆடும். முதுகு வி வடிவத்தில் இருந்தால் இரண்டு கோடுகளில் பிடிக்கும். தட்டைப் பிளேட்தான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு எல் ஆங்கிள் துண்டுகளை முதுகில் செங்குத்தாகப் போல்ட் போட்டுக்கொண்டால் ஆயிற்று.

மரம் எது என்பதும் கணக்கில் உண்டு. தூங்குமூஞ்சி மரத்தின் பட்டை கரடுமுரடு, கட்டினால் கட்டின இடத்தில் நிற்கும். புங்கையும் மோசமில்லை. தைல மரம் சுத்த ஏமாற்று. (கன்னடக்காரர்கள் அதை நீலகிரி என்பார்கள். மரத்தைப் பற்றி ஏரிக் காவலரிடம் பேசும்போது நான் ஊட்டியைப் பற்றி அவர் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.) அதன் பட்டை தானாக உரிந்து விழும் ஜாதி. பெல்ட் பட்டையைத்தான் இறுக்கிக்கொண்டிருக்கும், பட்டை மரத்தை விட்டுவிட்டு உங்கள் கேமராவோடு கிளம்பிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அப்படித்தான் அரை அடி சறுக்கியது, தண்ணீருக்கும் லென்ஸுக்கும் நடுவே இருந்தது என் இடது கை மட்டும். வேறு மரம் இல்லாவிட்டால் தளர்ந்த பட்டையை ஒதுக்கிவிட்டு உள்பட்டை மேல், சைக்கிள் டியூபை விரித்துக் கட்டுங்கள். அதன் பிறகும் கேமராவிலிருந்து மரத்துக்குத் தனியாக ஒரு கயிறு போடாமல் விடாதீர்கள். கயிறு எந்த மரத்திலும் வேண்டும், தைல மரத்தில் இரண்டு.

ஆணி அடிப்பதும், அமெரிக்க ஆர்ம் சிலவற்றோடு வருகிற மரத்தில் திருகும் ஸ்க்ரூவும் வேண்டவே வேண்டாம். ஏரி மரம் நம் வீட்டுச் சொத்து இல்லை. காவலர் பார்த்தால் அன்றோடு ஏரிப் பக்கமே போக முடியாது.

பெல்ட்டை இறுக்குவதற்கு முன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். பெரிய மரங்களில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும், ராட்செட்டின் கடகடச் சத்தம் அவற்றுக்குப் பிடிக்காது. மாமரமாக இருந்தால் இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறு கூடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டைக்குள் நாலு முசுறு புகுந்தபின் பான் செய்வது எப்படி என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

தொட்டால் ஆடுகிறது, ஆட்டம் அடங்க நேரமாகிறது

பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே சோதனை இங்கேயும். கேமராவில் படத்தை முழுசாகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, முதலில் மரத்தை விரலால் தட்டுங்கள். பிறகு பிளேட்டை. பிறகு முதல் மூட்டு, குழாய், முழங்கை, ஹெட். எந்த இடத்தைத் தட்டும்போது படம் அதிகமாகவும் அதிக நேரமும் துள்ளுகிறதோ, அந்த இடத்துக்கு மரத்துப் பக்கமாக இருக்கிற பிடிப்பில்தான் தளர்வு. மரத்தைத் தட்டியதற்கே துள்ளினால் மரம் ஒல்லி. கட்டிப்பிடித்தால் உங்கள் இரண்டு கை விரல்களும் தாராளமாகக் கோத்துக்கொள்கிற மரத்தில் ஆர்ம் கட்டாதீர்கள்.

மூட்டில் தளர்வு என்றால் பெரும்பாலும் போல்ட்டுக்கும் துளைக்கும் இடையில் இடைவெளி. மலிவு ஆர்ம்களில் எட்டு எம்.எம். போல்ட்டுக்கு எட்டரை எம்.எம். துளை போட்டிருப்பார்கள். லேத் பட்டறையில் துளைக்கு ஒரு பித்தளைப் புஷ் அடித்துக்கொள்ளலாம், இருபுறமும் நைலான் வாஷர், மேலே நைலாக் நட். சாதாரண நட், ஆர்ம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளரும். நைலாக் நட்டுக்குள் இருக்கிற பிளாஸ்டிக் வளையம் மரையைக் கவ்விக்கொள்வதால் வைத்த இடத்தில் நிற்கும்.

குழாயே வளைந்து துள்ளுகிறது என்றால் அதற்குப் பட்டறை வைத்தியம் இல்லை. ஒரு முனையில் பிடித்த குழாயின் தொய்வு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். அதே குழாய், அதே பாரம், 45 செ.மீ. நீளம் 90 ஆனால் தொய்வு இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும். மாறாகக் குழாயின் பருமனைக் கூட்டினால் நமக்குச் சாதகம். சுவர்த் தடிமன் அதேதான், 25 எம்.எம். குழாய் 32 எம்.எம். ஆனால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல். அலுமினியமா இரும்பா என்றால், ஒரே அளவுக் குழாயில் இரும்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு விறைப்பு, பாரமும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

ஆர்மைக் குறை சொல்லும் முன் லென்ஸையும் பாருங்கள். 400 எம்.எம். லென்ஸில் ஃபுல் ஃபிரேம் கேமராவின் கிடைமட்டப் பார்வை ஐந்து டிகிரி சொச்சம்தான். 4கே படத்தில் 3840 புள்ளிகள் அந்த ஐந்து டிகிரிக்குள் அடைபட்டிருக்கின்றன. ஆர்ம் பத்தில் ஒரு டிகிரி ஆடினால் படம் எழுபது எண்பது புள்ளிகள் துள்ளும். 50 எம்.எம். லென்ஸில் அதே ஆட்டம் பத்துப் புள்ளிதான். எந்த விலை ஆர்மும் 400-ஐக் காற்றில் நிறுத்தாது. நீருக்கு மேலே நீட்டும் வசதி இருக்கும்போது 400 எதற்கு? மீன்கொத்தி தினமும் உட்காரும் கிளையைக் கண்டுபிடித்து, விடிவதற்கு முன்னால் கிட்டப் போய்க் கட்டி, 100 எம்.எம். அளவில் வைத்துவிட்டு, போனில் ரிமோட் போட்டுத் தள்ளி உட்காருங்கள். ரிக்கார்டிங் பொத்தானைத் தொடுவதால் வரும் ஆட்டமும் இதிலேயே ஒழிந்தது.

நொடிக்கு 100 பிரேம் எடுத்து 25-இல் ஓட்டினால் பாய்ச்சல் நாலு மடங்கு மெதுவாகும். ஆட்டமும் நாலு மடங்கு மெதுவாகி, கப்பலில் போகிற மாதிரி இருக்கும். சிலருக்கு அது பிடிக்கிறது. எனக்கு வாந்தி வருகிறது.

கேமரா தட்டின் மேல் சுற்றுகிறது, திருகு பிடிக்க மாட்டேன் என்கிறது

கலாசிப்பாளையத்துப் பக்கம் ஒரு லேத் பட்டறை. நடத்துகிறவர் வேலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வருஷமாக இங்கேதான். தொலைந்துபோன திருகுக்குப் பதிலாக ஆர்டுவேர் கடையில் வாங்கிய ஆறு எம்.எம். போல்ட்டோடு அவரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, ரெண்டு சுத்து நல்லாப் போகுது, அப்புறம் மாட்டிக்குது."

அவர் போல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "உன் கேமரா எந்த ஊருல பொறந்துச்சு தம்பி?"

"ஜப்பான்."

"பொறந்தது ஜப்பானா இருக்கட்டும். மரை இஞ்ச்சு மரை. இது மில்லிமீட்டர் போல்ட்டு. இன்னும் ஒரு சுத்து நீ அழுத்தியிருந்தீன்னா கேமராவுக்கு மரை கழண்டிருக்கும். உனக்கு எப்பவோ கழண்டுபோச்சு, அது வேற விஷயம்."

உலகம் முழுக்கக் கேமராவின் அடித்துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு இருபது மரை. பெரிய ஹெட்டுகளின் அடித்துளை முக்கால் பங்கு அரை அங்குலம், அதாவது எட்டில் மூன்று, பதினாறு மரை. ஆறு எம்.எம். போல்ட் கால் அங்குலத்தைவிடக் கொஞ்சம் ஒல்லி, மரை நெருக்கமும் வேறு. அதனால்தான் தொளதொளவென்று நுழைந்து உள்ளே போய்ச் சண்டை போடும். பழைய ஆர்டுவேர் கடைகளில் விட்வொர்த் கால் அங்குலப் போல்ட் என்று கேளுங்கள். அதற்கும் இருபது மரைதான், மரையின் கோணம் மட்டும் 60-க்குப் பதில் 55 டிகிரி, அவசரத்துக்கு நன்றாகவே பிடிக்கும். கேமராவுக்குள் போகும் நீளம் ஐந்தரை எம்.எம். தாண்டாமல் வாஷர் வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் பான் செய்யும்போது மட்டும் தளர்கிறதா? அப்படியானால் கேமராத் திருகு நிரபராதி, ஹெட்டின் அடியைப் பாருங்கள். இடப்பக்கம் திருப்புவது மரையைக் கழற்றும் திசை. ஒவ்வொரு பானிலும் ஹெட் ஆர்மிலிருந்து நூலளவு கழன்றுகொண்டே வரும். ஹெட் உட்காரும் தட்டின் அடியிலிருந்து மேல்நோக்கி மூன்று சின்ன திருகுகள் இருந்தால் ஆலன் சாவியால் அவற்றை ஏற்றி ஹெட்டை முட்டவையுங்கள். இல்லாவிட்டால் நடுவே மெல்லிய ரப்பர் வாஷர்.

கிரீச், டிக், டிக்

மூட்டில் உலோகமும் உலோகமும் உரசுகின்றன. கிரீஸ் வைக்காதீர்கள், ஏரிக்கரைப் புழுதி அதில் ஒட்டி ஒரே மாதத்தில் உப்புத்தாள் ஆகிவிடும். பிரித்து, துடைத்து, மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு நைலான் வாஷரோடு பூட்டுங்கள். டிக் டிக் என்பது காற்றில் அடித்துக்கொள்ளும் பெல்ட்டின் வால். சுருட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள்.

ஆர்ம் அசையவில்லை, பறவையும் வரவில்லை

பளபளக்கும் அலுமினியம் காலை வெயிலில் கண்ணாடி மாதிரி அடிக்கும். கறுப்புத் துணி டேப்பைச் சுற்றுங்கள். கட்டிவிட்டு அரை மணி நேரமாவது விலகி நில்லுங்கள், ஒன்றிரண்டு நாள் வெறும் ஆர்மை மட்டும் கட்டிப் பழக்க முடிந்தால் இன்னும் நல்லது.

மீனைக் கிண்ணத்தில் வைத்துக் கூப்பிடலாமா, கூட்டுப் பொந்துக்கு எதிரிலேயே கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: முதலில் சொன்ன 1972 வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கிற விளக்கத்தைப் படியுங்கள். கொல்வது மட்டும் வேட்டை இல்லை. இரை காட்டி இழுப்பதும், பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அதே விளக்கத்துக்குள்தான் வருகின்றன. கேமராவோடு போனவர் காகிதத்தில் வேட்டைக்காரராகிவிடுவார். கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று தலைகீழாகக் குத்திப் பாய்வதை எடுக்க இதெல்லாம் தேவையும் இல்லை. அதற்குத் தேவை கிளையும் பொறுமையும்.

இத்தனைக்குப் பிறகும் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றால்

மேலே ஒன்றைப் பாக்கி வைத்தேன். அமெரிக்க ஆர்ம்களின் விலையில் பெரும்பங்கு லேசாக இருப்பதற்குத்தான். பாரத்தை முதுகில் சுமந்து காட்டுக்குள் நடந்து, பிறகு மரமும் ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு நூறு கிராமும் உறைக்கும். நாம் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு இருநூறு அடி நடக்கிறோம். நமக்கு எதற்கு அந்த லேசு? பாரமான இரும்பு ஆர்ம் மலிவு, விறைப்பும் அதிகம்.

இங்கே மலிவாகக் கிடைக்கும் இரும்பு ஆர்ம் டிவியைச் சுவரில் மாட்டுகிற மடக்கு பிராக்கெட்தான். இரண்டு மூட்டு, பத்து பதினைந்து கிலோ தாங்கும் வடிவம், எஸ்.பி. ரோட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். வாங்கும்போது கடையிலேயே விரித்து, நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மூட்டில் லொடக் என்றால் அடுத்ததை எடுங்கள். கடைக்காரர் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பார், இதில் மட்டும் அட்ஜஸ்ட் செய்யாதீர்கள். சுவர்ப் பக்கத் தட்டு உயரமாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள், காரணம் மேலே சொன்ன நெம்புகோல் கணக்கு.

டிவிப் பக்கத் தட்டில் 75 அல்லது 100 எம்.எம். இடைவெளியில் நாலு துளை இருக்கும். அதில் கனமான எல் ஆங்கிள் ஒன்றை மாட்டினால் கிடைமட்டமாக ஒரு மேடை கிடைக்கும். மேடை நடுவில் துளை போட்டு எட்டில் மூன்று அங்குலப் போல்ட்டைக் கீழிருந்து ஏற்றினால் ஹெட் உட்கார்ந்துவிடும். டிவியைக் குனியவைக்கும் மூட்டு ஒன்று அங்கே இருக்கும், அதுதான் இந்த ஏற்பாட்டின் ஓட்டைப் படகு. பட்டறையில் கொடுத்து ஒரு குறுக்குப் போல்ட் போட்டுப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் கேமரா நாள் முழுக்க வணக்கம் போட்டுக்கொண்டிருக்கும். சுவர்ப் பக்கத் தட்டின் முதுகில் இரண்டு எல் ஆங்கிள், மேலும் கீழும் ராட்செட் பெல்ட். என்னுடையது மூன்று மழைக்காலம் கண்டுவிட்டது. துருவுக்கு வருஷத்துக்கொரு தடவை பெயின்ட்.

மேஜிக் ஆர்ம் என்று பதினோரு அங்குலத்தில் விற்கிற உராய்வுக் கையும் சூப்பர் கிளாம்ப்பும் போதுமா என்றால், ஆக்‌ஷன் கேமராவுக்குப் போதும். கிளாம்ப்பின் வாய் ஐந்தரை செ.மீ. வரைதான் திறக்கும், அடிமரத்தைக் கடிக்காது, வேலிக் கம்பியைக் கடிக்கும். அதில் ஜூம் லென்ஸ் மாட்டுவது அவரவர் தைரியம்.

புதிய அமெரிக்க ஆர்மைத்தான் வாங்குவேன் என்று பணத்தோடு நிற்பவரிடம் எனக்குச் சண்டை இல்லை. மட்டத் திருகு இருக்கிறதா, பிளேட் எத்தனை செ.மீ., முழங்கையைப் பூட்ட முடியுமா, நுனித் திருகு எந்த அளவு, இந்த நாலையும் கேட்டு வாங்கட்டும்.

கிளம்பும் நேரத்தில் ராட்செட் திறக்க மறுக்கிறது

வெயில் ஏறிவிட்டது, வீட்டிலிருந்து போன் வருகிறது, பெல்ட் விடமாட்டேன் என்கிறது. கத்தியை எடுக்காதீர்கள். முதலில் கேமராவைக் கழற்றுங்கள், பிறகு ஆர்மை மடக்கி ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். கைப்பிடியை இன்னும் ஒரே ஒரு பல் இறுக்கினால் பூட்டுக் கொக்கியின் மேல் இருக்கிற அழுத்தம் விடும். அந்த நொடியில் நடு லிவரை இழுத்துப் பிடித்தபடி கைப்பிடியை முழுசாகத் தட்டையாகும்வரை திறந்துவிடுங்கள், பாதியில் நிறுத்தினால் திரும்பப் பூட்டிக்கொள்ளும். பெல்ட் தளர்ந்ததும் கையால் உருவலாம். சேறு புகுந்திருந்தால் வீட்டுக்குப் போய்ப் பல்லில் நாலு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய்.